கிரவல் தின்ற டிஸ்க்

இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில் ஒருவர் தன் வாகனத்தை விற்க வந்தால் முதலில் எஞ்சினைப் பற்றிச் சொல்வார். அடுத்தது ஏசி. பிறகு பெயின்ற், ரயர், உள்ளே பூட்டியிருக்கும் ஸ்பீக்கர். பிரேக் எப்படி என்று நாங்களாகக் கேட்டால்தான் "அது நல்லாப் பிடிக்கும்" என்று ஒரு பதில் வரும். அதற்கு மேல் அவரும் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

இத்தனைக்கும் எங்கள் ரோட்டுகளில் திடீரென்று நிற்க வேண்டிய தேவைக்குக் குறைவே இல்லை. தார்க் காப்பற் போட்ட பிறகு கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 ரோட்டில் எல்லோரும் பறக்கிறார்கள். பொழுதுபட்டால் அதே காப்பற்றில்தான் சூட்டுக்கு மாடுகள் வந்து படுக்கின்றன. அறுவடை நேரம் ரோட்டின் ஓரத்தை நெல் பிடித்துக்கொள்ளும். பின்னால் ஒரு சிவப்பு விளக்குக்கூட இல்லாமல் லான்ட்மாஸ்ரர் என்ற கை உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டி ஒன்று இருட்டில் முன்னே போய்க்கொண்டிருக்கும். அந்தப் பெட்டிக்குப் பிரேக்கும் கிடையாது, அது வேறு கதை.

முன் சில்லுகளின் பிரேக் பாட்டையும் டிஸ்க்கையும் வீட்டு வளவில் வைத்தே மாற்றுவதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். டிஸ்க் என்பது சில்லோடு சுற்றும் இரும்புத் தட்டு. பாட் என்பது அதை இரண்டு பக்கமும் அமத்தி நிறுத்தும் உராய்வுக் கட்டை. காசு மிச்சம் பிடிக்கும் வழி என்று நினைத்து வாசிக்க வேண்டாம். சாமான் விலையோடு பார்த்தால் கராஜ் கூலி பெரிய தொகையில்லை. வீட்டில் கழற்றுவதால் கிடைக்கும் பெரிய பலன், தேய்ந்த பாட் எங்கள் கைக்கு வருவதுதான். கராஜில் அது கழன்ற கையோடு மூலையில் இருக்கும் பழைய ரயருக்குள் போய்விடும். புதுசு பூட்டியாச்சு, சத்தம் நின்றாச்சு, காசைக் கொடு. அந்தப் பாட் ஏன் அப்படித் தேய்ந்தது என்ற கேள்வி ரயருக்குள்ளேயே கிடக்கும்.

என்னுடையது ஒரு ரொயோட்டா விற்ஸ். பழசு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் கையிலிருந்த காரைப் பிடித்து வைத்திருப்பதைவிட வேறு வழி யாருக்கும் இருக்கவில்லை. திறந்த பிறகும் வரியோடு சேர்த்த விலையைக் கேட்டால் பழைய காரின் மேல் தானாகவே பாசம் வந்துவிடுகிறது. அதனால் வன்னியில் இப்போது ஓடுகிற கார்களில் பெரும்பகுதி, பாட் மட்டுமல்லாமல் டிஸ்க்கும் மாற்றும் வயதுக்கு வந்தவை.

சத்தத்திலிருந்து தொடங்கலாம். புதுக்குடியிருப்புப் பக்கம் பிரதான ரோட்டை விட்டு இறங்கினால் பல இடங்களில் கிரவல்தான். சோளகம் வீசும் மாதங்களில் முன்னால் போகிற வாகனமே தெரியாத அளவுக்குச் செம்புழுதி. அந்தக் காலத்தில் சில்லுக்குள்ளிருந்து வருகிற சத்தமெல்லாம் பிரேக் தேய்ந்த சத்தம் அல்ல. டிஸ்க்குக்கு உட்புறம் மெல்லிய தகடு ஒன்று காவலுக்கு நிற்கும். அதற்கும் டிஸ்க்குக்கும் இடையில் ஒரு சின்னக் கிரவல் கல் போய் மாட்டிக்கொண்டால் போதும், கார் பிளந்து விழப்போகிறது என்று நினைக்கும் அளவுக்குக் கத்தும். கடலை அளவு கல்தான். பிரேக்கை மிதித்தாலும் விட்டாலும் அந்தச் சத்தம் அப்படியே இருக்கும், சில்லு சுற்றும் வேகத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும். காரைப் பின்னுக்கு எடுத்து முன்னுக்கு விட்டால் சில நேரம் தானாக விழும். விழாவிட்டால் சில்லைக் கழற்றி, தகட்டை ஸ்குரூ டிரைவரால் மெல்ல நெம்பினால் கல் கீழே விழும். பாட் பெட்டி வாங்க ஓடுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். கல்லுக்காக டிஸ்க் மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

பாட் முடிகிற சத்தம் வேறு. பல பாட்டுகளில் ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். உராயும் பகுதி 2 மில்லிமீற்றர் அளவுக்குத் தேய்ந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கில் முட்டிச் சீழ்க்கை அடிக்கும். அது வேண்டுமென்றே வைத்த எச்சரிக்கை. அதையும் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டுப் போட்டு மறைத்துக்கொண்டு ஓடினால் அடுத்து வருவது அராவல், இரும்போடு இரும்பு. அந்தக் கட்டத்தில் டிஸ்க்கும் சேர்ந்து போயிருக்கும்.

என் காரில் சத்தத்துக்கு முன்னமே இன்னொரு குறி தெரிந்தது. பிரேக் மிதித்தால் கார் வலப்பக்கம் இழுத்தது. எங்கள் நாட்டில் வலப்பக்கம் என்றால் எதிரே பஸ் வருகிற பக்கம்.

சாமான் வாங்குகிற விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பான் கார்களில் ஒரே பெயர், ஒரே ஆண்டு என்றாலும் டிஸ்க் அளவு மாறும். "விற்ஸுக்கு டிஸ்க் தாங்கோ" என்று கேட்டால் கடைக்காரரும் ஏதோ ஒன்றைத் தருவார். செசி நம்பரைச் சொல்லிக் கேட்க வேண்டும், கொண்டு வந்ததும் பழசுக்குப் பக்கத்தில் வைத்து விட்டத்தையும் உயரத்தையும் பார்க்க வேண்டும். வவுனியாவில் கிடைக்காதது பெரும்பாலும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்து சேரும். பாவித்த டிஸ்க் வாங்க வேண்டாம். பாவித்த கதவு வாங்கலாம், பாவித்த எஞ்சின்கூட வாங்கலாம். டிஸ்க்கும் பாட்டும் தேய்வதற்கென்றே செய்தவை. அடுத்தவர் தேய்த்த மிச்சத்துக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இல்லை. அப்புறம், இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இடது பக்கம் மட்டும் போதும் என்று சொல்கிறவரிடம் வேறு சாமானும் வாங்காதீர்கள்.

பாட் மட்டும் போதுமா, டிஸ்க்கும் வேண்டுமா என்பதில்தான் எனக்கும் பக்கத்து வளவு அண்ணைக்கும் சண்டை. அண்ணை பழைய லொறிக்காரர். போர் நேரம், ஏ9 திறப்பதற்கு முந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் லொறி ஓட்டியவர். பெற்றோல் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. சாமான் என்று ஒன்று கடையில் கிடையாது. ஒரு லொறி படுத்தால் அதன் பிரேக் டிரம்முக்குள் இருக்கும் உராய்வு லைனிங்கை ஆணி கழற்றி எடுத்து இன்னொன்றுக்கு அறைவார்களாம். லைனிங் தேய்ந்து செம்பு ஆணி டிரம்மில் தட்டுகிற சத்தத்தை இப்போதும் வாயால் செய்து காட்டுவார். அப்படி ஓட்டியவருக்கு ஒரு டிஸ்க்கைத் தூக்கி எறிவது பாவம்.

"உதை லேத்தில ஒருக்காப் பிடிச்சாப் புதுசு மாதிரி வரும் தம்பி. ஏன் காசைக் கொட்டிறாய்?"

"பிடிக்கிறதுக்கு அதில சதை வேணுமெல்லே அண்ணை."

டிஸ்க்கின் ஓரத்திலோ நடுக் கிண்ணத்திலோ குறைந்தபட்சத் தடிப்பு எவ்வளவு என்று பொறித்திருப்பார்கள். துருவைத் துடைத்துப் பார்த்தால் எழுத்துத் தெரியும். சிறிய கார்களின் காற்றோட்ட டிஸ்க்கில் பெரும்பாலும் புதிய தடிப்பிலிருந்து 2 மில்லிமீற்றர் அளவுதான் தேய்வதற்கு உரிமை. அதாவது பக்கத்துக்கு 1 மில்லிமீற்றர். லேத்தில் பிடிப்பது என்றால் டிஸ்க்கின் முகத்தைச் சீவி மட்டமாக்குவது, அந்த மிச்சத்தில்தான் கைவைக்கிறோம். தடிப்புக் குறைந்த டிஸ்க் சூட்டை வாங்கி வைத்திருக்காது, சீக்கிரம் கொதிக்கும், வெடிப்பும் விழக்கூடும்.

அளப்பதிலும் ஒரு சூது இருக்கிறது. தேய்ந்த டிஸ்க்கின் விளிம்பில் பாட் தொடாத ஒரு வரம்பு எழும்பி நிற்கும், விரல் நகத்தால் தடவினால் தடுக்கும். வேர்னியர் கலிப்பரை வெளியிலிருந்து கொண்டுபோய்க் கவ்வினால் அது அந்த வரம்பைத்தான் அளக்கும், டிஸ்க் நல்ல தடிப்பாக இருப்பதாகப் பொய் சொல்லும். ஒரே மாதிரியான இரண்டு நாணயங்களை எடுத்து, பக்கத்துக்கு ஒன்றாகத் தேய்ந்த இடத்தில் வைத்து, மூன்றையும் சேர்த்து அளந்து, பிறகு நாணயங்களின் தடிப்பைக் கழித்தால் உண்மை வரும். இதைச் செய்து காட்டியபோது என் டிஸ்க் பொறித்த எண்ணுக்குக் கீழே நின்றது. அண்ணை நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, இது போயிட்டுது" என்றார். லேத் பற்றிய அவருடைய கொள்கை இன்னும் மாறவில்லை.

இனி ஜக். இந்த வேலையில் ஆளைக் கொல்லக்கூடிய பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். எங்களில் அநேகருக்கு வீட்டில் சீமெந்துத் தளம் போட்ட கராஜ் இல்லை. முற்றம்தான், செம்மண்ணும் கிரவலும்தான். காய்ந்த கிரவல் பார்க்கக் கல்லு மாதிரி இருக்கும். காரின் முன்பாரம் முழுவதும் ஜக்கின் சின்ன அடியில் இறங்கும்போது அது மெல்லப் பொடிந்து ஒரு பக்கம் தாழும். மாரியில் கேட்கவே வேண்டாம். ஜக்குக்குக் கீழே தடித்த பலகை, ஒரு முழத்துக்குக் குறையாமல். கழற்றாத பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஹாண்ட் பிரேக் பின் சில்லுகளை மட்டும் பிடிப்பது, அதுவும் எவ்வளவு பிடிக்கிறது என்று யார் கண்டது. கியரிலும் போட்டு வைக்க வேண்டும். ஓட்டோ கியர் என்றால் 'பி' இல். சில்லு நட்டுகளைக் கார் நிலத்தில் நிற்கும்போதே கொஞ்சம் இளக்கிவிட வேண்டும். தூக்கிய பிறகு தொங்கிக்கொண்டு நெம்பினால் கார் ஜக்கிலிருந்து வழுகும்.

"ஜக் தூக்கிறதுக்கு. தாங்கிறதுக்குக் கட்டை" என்பார் அண்ணை. தாங்கிக்கு இரும்பு ஸ்ராண்ட் இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் பாலைக் குற்றி வைத்திருப்பார்கள், அண்ணையிடம் லொறிக் காலத்துக் குற்றிகள் இரண்டு இருக்கின்றன, கோடரி வைத்தாலும் எகிறும். குற்றியை அகலமான பக்கம் கீழே வரும்படி வைத்து, காரின் தூக்குமிடத்துக்குப் பக்கத்தில் இறக்கி, கையால் காரைத் தள்ளிப் பார்க்க வேண்டும். சீமெந்துக் கல் அடுக்குவதை மட்டும் செய்யவே கூடாது. பொள்ளல் கல் வீடு கட்டுவதற்கு. ஒரு புள்ளியில் பாரம் விழுந்தால் சொல்லாமல் கொள்ளாமல் தூளாகும். கழற்றிய சில்லை நிலத்தில் படுக்க வைத்துக் காருக்குக் கீழே தள்ளிவிடுவது இன்னொரு காப்பு. எல்லாம் தவறினாலும் கார் சில்லின் மேல்தான் விழும்.

சில்லு கழன்றதும் ஸ்ரியரிங்கைத் திருப்பினால், பாட்டுகளைப் பிடித்து அமத்தும் கலிப்பரின் (அளக்கும் வேர்னியர் அல்ல) பின்புறம் கைக்கு வரும். அதை வழுக்கும் இரண்டு ஊசிகளில் பிடித்திருக்கும் போல்டுகள் என் காரில் 14 ஆம் நம்பர். கீழ்ப் போல்டை மட்டும் கழற்றிக் கலிப்பரை மேலே மடக்கினாலே பாட் வந்துவிடும். டிஸ்க்கும் மாற்றுவதென்றால் கலிப்பரை முழுதாக எடுத்து, அதன் தாங்கியையும் 17 ஆம் நம்பர் போல்டுகள் இரண்டை இளக்கிக் கழற்ற வேண்டும். அவை எளிதில் இளகாது. கலிப்பரைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. ஒரு துண்டுக் கம்பியை வளைத்து ஸ்பிரிங்கில் கொழுவி அதில் மாட்டினால் சரி. தூசியை வாயால் ஊதவோ கொம்பிரசரால் அடிக்கவோ வேண்டாம். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது. புதிய பெட்டிகளில் இல்லை என்று அச்சடித்திருக்கும். அச்சடித்ததை நம்பி மூச்சிழுக்கும் தேவை நமக்கு இல்லை. தண்ணீரோ பிரேக் கிளீனரோ தெளித்து நனைத்துத் துடைத்தால் போதும்.

இப்போது பழைய பாட்டுகளை, கழன்ற ஒழுங்கு மாறாமல், ஒரு சாக்கில் வரிசையாக வைத்தேன். இடது சில்லின் உள்பாட் கிட்டத்தட்ட இரும்புத் தகடு வரை போயிருந்தது. அதே சில்லின் வெளிப்பாட் பாதிக்கு மேல் மிச்சம். வலது சில்லில் உள்ளும் வெளியும் ஒரே அளவு. எனக்கு வேண்டியிருந்தது இந்தக் காட்சிதான்.

கலிப்பருக்குள் பிரேக் ஓயில் தள்ளும் பிஸ்டன் உள்பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. மிதித்ததும் அது உள்பாட்டை டிஸ்க்கில் தள்ளுகிறது. தள்ளிய எதிர்விசையில் கலிப்பர் முழுவதும் அந்த இரண்டு ஊசிகளில் வழுகிப் பின்னுக்கு வந்து வெளிப்பாட்டையும் இழுத்து அமத்துகிறது. ஊசி இறுகினால் கலிப்பர் வழுகாது. உள்பாட் மட்டும் தனியாகப் பாடுபட்டுத் தேயும். வெளிப்பாட் சும்மா நிற்கும். அந்தச் சில்லில் பிடி குறையும், மற்றச் சில்லு கூடப் பிடிக்கும், கார் அந்தப் பக்கம் இழுக்கும். வலப்பக்கம் இழுத்த காரணம் சாக்கின் மேல் கிடந்தது. இதுவே வெளிப்பாட் கூடத் தேய்ந்திருந்தால், போன கலிப்பர் திரும்பி வராமல் நின்றுவிடுகிறது என்று அர்த்தம். ஒரு பாட்டே ஒரு முனையில் தடிப்பாகவும் மறு முனையில் மெல்லிசாகவும் இருந்தால், இரண்டு ஊசிகளில் ஒன்று மட்டும் இறுகியிருக்கலாம், அல்லது பாட் உட்காரும் இடத்தில் துரு ஏறிப் பாட் கோணலாக நிற்கலாம்.

இடது கலிப்பரின் கீழ் ஊசியை வெளியே எடுக்கவே பெரும்பாடு. அதன் றப்பர் உறை கிழிந்திருந்தது. உள்ளே கிறீஸ் இருந்த இடத்தில் செம்புழுதி குழைந்து, காய்ந்த புட்டுமா மாதிரி ஒரு செங்கட்டி. அதற்குக் கீழே ஊசியின் மினுக்கம் போய்ப் பழுப்புப் புள்ளிகள். ஏன் இடது பக்கம்? எதிரே லொறியோ பஸ்ஸோ வந்தால் நாங்கள் இறக்குவது இடது சில்லைத்தான். காப்பற்றின் ஓரத்து வெட்டிலிருந்து கிரவலுக்குள், மாரியில் சேற்றுக்குள், எப்போதும் முதலில் போவது அதுதான். இது என் ஊகம். ஆனால் அதற்குப் பிறகு அண்ணையின் மருமகனின் வான், கடைக்காரத் தம்பியின் கார் என்று கழற்றிய இடமெல்லாம் நான் முதலில் பார்ப்பது இடது முன் சில்லின் ஊசியைத்தான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மற்ற ஊசிகளின் றப்பர் உறைகள் கிழியாமல் ஊதிப் பருத்து, பிசுபிசுத்துப் போயிருந்தன. முந்தி யாரோ ஒரு கராஜில் சாதாரணப் பெயாரிங் கிறீஸைப் பூசியிருக்கிறார்கள். கனிம எண்ணெயில் செய்த கிறீஸ் பிரேக் றப்பரை ஊத வைக்கும். ஊதினால் ஊசி இறுகும். இதற்கென்று சிலிக்கன் கிறீஸ் இருக்கிறது, சின்ன ரியூப், விலையும் பெரிதில்லை. சில கார்களில் ஒரு ஊசியின் நுனியில் மட்டும் றப்பர் வளையம் இருக்கும், மேல் ஊசியையும் கீழ் ஊசியையும் மாற்றிப் பூட்டக் கூடாது. நான் ஊசிகளையும் உறைகளையும் ஒரு செட்டாகப் புதுசு வாங்கினேன். பாட்டின் விலையோடு பார்த்தால் அது ஒரு சில்லறை. இது செய்யாமல் புதுப் பாட்டையும் புது டிஸ்க்கையும் பூட்டியிருந்தால், சத்தம் நின்றிருக்கும், இழுப்பு நின்றிருக்காது, உள்பாட் திரும்பவும் முதலில் முடிந்திருக்கும்.

டிஸ்க்கை என் காரில் எந்தத் திருகாணியும் பிடித்திருக்கவில்லை. சில்லு நட்டும் துருவும்தான் பிடித்திருந்தன. துருவின் பிடியைக் குறைவாக எடைபோடக் கூடாது. வட்டுவாகல் பாலம் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நந்திக்கடல் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் பாலம், மாரியில் மேலாலும் தண்ணீர் பாயும். முல்லைத்தீவுக்குப் போய் வருகிற கார் ஒவ்வொன்றும் கொஞ்சம் உப்பைக் கொண்டு வருகிறது. சுத்தியலால் அடிக்கத் தொடங்குவதற்கு முன் டிஸ்க்கின் முகத்தைப் பாருங்கள். ஜப்பான் கார்களில் பெரும்பாலும் புரி வெட்டிய இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். எட்டு மில்லிமீற்றர் போல்ட் இரண்டை அவற்றுக்குள் விட்டு மாறி மாறி அரைச் சுற்றாக இறுக்கினால், போல்ட் பின்னால் இருக்கும், சில்லு பூட்டுகிற ஹப்பில் முட்டி டிஸ்க்கைத் தானே வெளியே தள்ளும். ஒரு "டக்" சத்தம். அவ்வளவுதான். பழைய டிஸ்க் எப்படியும் இரும்புக்காரருக்குத்தான் என்று அடிப்பவர்கள், அந்த அடி உள்ளே இருக்கும் பெயாரிங்கிலும் விழுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஹப்பின் முகத்தைத் துப்புரவாக்குவதில் அவசரப்படாதீர்கள். வயர் பிரஷ்ஷும் சாண்ட் பேப்பரும் எடுத்து, போல்டுகளின் அடியைச் சுற்றியும் தேய்க்க வேண்டும். பிரேக் மிதிக்கும்போது பெடல் நடுங்கினால் "டிஸ்க் வளைஞ்சிட்டுது" என்று சொல்வது வழக்கம். உண்மையில் டிஸ்க் வளைவது குறைவு. ஹப்பில் விட்ட ஒரு துருப்பொருக்கு டிஸ்க்கைச் சற்றே சாய்த்துப் பிடிக்கும். சுற்றுக்குச் சுற்று டிஸ்க்கின் ஒரே இடம் பாட்டோடு தட்டித் தட்டி, டிஸ்க் அந்த இடத்தில் மட்டும் மெல்லிசாகும். கொஞ்சக் காலத்தில் நடுக்கம் வரும். பல கார்களில் இந்தச் சாய்வுக்கு அனுமதி 0.05 மில்லிமீற்றர்தான், கிட்டத்தட்ட ஒரு தலைமயிர். புது டிஸ்க்கில் துருப் பிடிக்காமல் எண்ணெய் பூசி அனுப்புவார்கள். பிரேக் கிளீனரால் இரண்டு முகத்தையும் கழுவி, பிறகு எண்ணெய்க் கையால் தொடாமல் பூட்ட வேண்டும். டிஸ்க்கை வைத்ததும் ஒரு சில்லு நட்டை முறுக்கிவிட்டால் அது ஆடாமல் நேராக நிற்கும், மற்ற வேலை எளிது.

பிஸ்டனை உள்ளே தள்ள ஜீ கிளாம்ப்பும் ஒரு பழைய பாட்டும் போதும். தள்ளுவதற்கு முன் பொனற்றைத் திறந்து பிரேக் ஓயில் போத்தலைப் பாருங்கள். தேய்ந்த பாட் இருக்கும்போது அளவு குறைந்தது என்று யாராவது நிரப்பியிருந்தால், பிஸ்டன் உள்ளே போகப் போக ஓயில் பொங்கி வழியும். அது பெயின்றைத் தின்னும். ஒரு சிறிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை. எடுத்த ஓயில் தேயிலைச் சாயம் மாதிரி இருந்தால் அது கிழடு. போத்தலில் எழுதியிருக்கும் டொட் 3, டொட் 4 என்ற ஓயில் வகைகள் இரண்டுமே காற்றின் ஈரத்தைக் குடிப்பவை. புது டொட் 3 கொதிக்கும் வெப்பத்துக்குக் குறைந்தபட்ச வரையறை 205 பாகை செல்சியஸ், ஈரம் குடித்த பிறகு 140. டொட் 4 இல் அது 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், பெடல் கீழே போகும், கார் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஓயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். வன்னியில் இறக்கம் இல்லை, மலை இல்லை, இங்கே எங்கே கொதிக்கப் போகிறது என்று கேட்கலாம். அதே காரில்தான் பள்ளி விடுமுறைக்கு நுவரெலியா போகிறோம்.

பூட்டுவது கழற்றியதன் மறுபக்கம், அதில் நீட்ட ஒன்றும் இல்லை. சத்தம் போடும் இரும்பு நாக்கு எந்தப் பாட்டில், எந்தப் பக்கம் இருந்தது என்று பழைய பாட்டைப் பார்த்து வைக்க வேண்டும். பாட்டின் காதுகள் உட்காரும் தகடுகள் பெட்டிக்குள் புதுசாக வந்திருந்தால் அவற்றையே போட வேண்டும். சில்லு நட்டுகளை எதிரெதிராக இறுக்க வேண்டும். என் காருக்கு 103 நியூட்டன் மீற்றர். ரோர்க் ஸ்பனர் இல்லாதவர்கள் பைப் மாட்டி ஏறி மிதிக்கிறார்கள். அடுத்த முறை ரோட்டில் காற்றுப்போன சில்லோடு அந்த நட்டைக் கழற்றப் போகிறவரும் அவர்தான்.

எல்லாம் முடிந்து காரை எடுக்கும் முன், இருந்த இடத்திலேயே பெடலை மெல்ல மெல்லப் பலமுறை மிதித்து, அது கல்லுப்போல நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளே தள்ளிய பிஸ்டன் பாட்டுக்கு எட்டும்வரை முதல் மிதி வெறும் காற்றில்தான் போகும். இதை மறந்து காரைப் பின்னுக்கு எடுத்தால் வளவு வேலியில்தான் நிற்கும்.

புதுப் பாட்டும் புது டிஸ்க்கும் முதல் நாளே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. விடியற்காலையில் ஒட்டுசுட்டான் ரோட்டில் ஆள் நடமாட்டம் குறைவு. பின்னால் ஒருவரும் இல்லை என்று பார்த்து, அறுபதில் போய் இருபதுக்கு மெதுவாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல் திரும்ப ஏற்றி, இப்படிச் சில தடவை. சூடான பிறகு பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்கக் கூடாது. பாட்டின் உராயும் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சத் தூரம் சும்மா ஓட விட்டு ஆற வைக்க வேண்டும். லேசாக ஒரு கருகல் மணம் வரும், பயப்பட வேண்டாம். மழைக்கு மறுநாள் டிஸ்க்கில் செம்மஞ்சள் துரு தெரிந்தாலும் பயப்பட வேண்டாம், முதல் மிதியிலேயே அழிந்துவிடும்.

கைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். ரொயோட்டா அக்குவா போன்றவற்றில் மின் மோட்டரே பெரும்பகுதி வேகத்தைக் குறைத்துவிடுவதால் பாட் வருடக்கணக்கில் வரும். அதுவே பிரச்சினையும். வேலை இல்லாத கலிப்பர் புழுதியில் இறுகிப்போகும், பாட் தேயவில்லை என்று யாரும் திறந்தும் பார்க்க மாட்டார்கள். அதோடு, அந்த வகைக் கார்களில் சாரதிக் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் தானாக ஓடி அமுக்கம் ஏற்றும். கலிப்பர் கழன்று கிடக்கும்போது பம்ப் ஓடினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும், விரல் இடையில் இருந்தால் விரலும் போகும். செய்முறைக் கையேட்டில் இருக்கும் ஒழுங்குப்படி அந்தச் சிஸ்டத்தை முடக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். மின்சார ஹாண்ட் பிரேக் உள்ள பின் டிஸ்க்குகளும் அப்படித்தான், கிளாம்ப் போட்டு அமத்தினால் உள்ளே மோட்டர் உடையும்.

முறிகண்டிக்குப் போய், பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, கச்சான் சரை ஒன்றும் வாங்கி வந்த பிறகு சில்லு நட்டுகளைத் திரும்ப ஒருமுறை இறுக்கிப் பார்த்தேன். புது டிஸ்க் போட்டால் அவை சற்று இளகுவது உண்டு. இடது சில்லில் ஒன்று கொஞ்சம் சுற்றியது, மற்றவை அசையவில்லை. வலப்பக்க இழுப்பு இல்லை. பழைய டிஸ்க் இரண்டையும் அண்ணை கேட்டு வாங்கிக்கொண்டார். லேத்தில் கொடுத்துப் பார்க்கப் போகிறாராம்.